விரித்துச் சொல்வது யார் வேலை?

முனைவர் பட்ட ஆய்வேட்டை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிப்பதில்லை. தேர்வாளர்கூட முன்னுரையைப் புரட்டிவிட்டுத் தமக்குப் பழக்கமான இயலுக்குத் தாவிவிடுவார். அங்கே ஏழெட்டு முதலெழுத்துச் சுருக்கங்கள் வரிசைகட்டி நிற்கும், ஒன்றுக்கும் விளக்கம் இருக்காது. ‘அதெல்லாம் இரண்டாம் இயலிலேயே சொல்லியாகிவிட்டதே’ என்பார் எழுதியவர். அவர் சொல்வதும் பொய்யில்லை. இரண்டாம் இயலின் ஏதோ ஒரு பத்தியின் நடுவில் முழுப்பெயர் ஒருமுறை வந்திருக்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுருக்கமும் இருக்கும். விதிப்படி எல்லாம் சரி. படிப்பவருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

லேடெக் என்ற அச்சமைப்பு நிரலில் எழுதுபவர்கள் இந்த விதியைக் காக்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். சுருக்கத்தையும் அதன் விரிவையும் கோப்பின் தொடக்கத்தில் ஒருமுறை அறிவித்துவிட்டால் போதும். பிறகு உரையில் ஒரே கட்டளையைத்தான் எழுத வேண்டும். முதல் முறை அது முழுப்பெயரையும் அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தையும் அச்சிடும், அடுத்த முறையிலிருந்து சுருக்கத்தை மட்டும் தரும். இதற்கென்று பேக்கேஜுகள், அதாவது லேடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுப்புகள், பல உண்டு என்றாலும் பெரும்பாலோர் கையாள்பவை மூன்று. டோபியாஸ் ஓடிகர் எழுதிய ‘அக்ரோனிம்’ மூத்தது, எளியது. நிக்கோலா டால்பட் 2007இல் கொண்டுவந்த ‘குளோசரீஸ்’ பெரியது. 2015இல் ‘குளோசரீஸ்-எக்ஸ்ட்ரா’ என்ற நீட்சி வந்தபின் அது இன்னும் பெரிதாகிவிட்டது. கிளெமென்ஸ் நீடர்பெர்கரின் ‘ஆக்ரோ’ 2012இல் தொடங்கி, 2020இல் மூன்றாம் பதிப்பாக அடியோடு மாற்றி எழுதப்பட்டது.

மூன்றில் எது நல்லது என்று கேட்பவர்கள் வசதிகளின் பட்டியலைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பட்டியல் நீளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் குளோசரீஸ் விவாதமின்றி வெல்லும், கட்டுரையும் இங்கேயே முடிந்துவிடும். நான் வேறு அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். எண்ணுவதும் நினைவில் வைப்பதும் கணினியின் வேலை. எந்த இடத்தில் வாசகருக்கு விரிவு தேவை என்று முடிவு செய்வது எழுதுபவரின் வேலை. இந்த எல்லையை எந்தப் பேக்கேஜ் மதிக்கிறது, எது தாண்டி வந்து தானே முடிவெடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

எண்ணும் வேலையிலிருந்து தொடங்கலாம். ஏட்ரியன் பார்னெட், ஸோயி டபிள்டே என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2020இல் ‘இ-லைஃப்’ இதழில் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். 1950 முதல் 2019 வரை வந்த அறிவியல் கட்டுரைகளின் 2.4 கோடிக்கு மேற்பட்ட தலைப்புகளையும் 1.8 கோடி ஆய்வுச்சாரங்களையும் அலசியதில், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தனித்தனிச் சுருக்கங்கள் அகப்பட்டன. அவற்றில் ஒழுங்காகப் புழங்கியவை 0.2 விழுக்காடு, அதாவது இரண்டாயிரத்துச் சொச்சம். 79 விழுக்காடு பத்து முறைகூட எங்கும் வரவில்லை. அறிவியல் எழுத்தில் உள்ள பெரும்பாலான சுருக்கங்கள் யாருக்கும் தேவைப்படாதவை என்றுதான் இதற்குப் பொருள். பிறந்த கட்டுரையிலேயே அவை செத்தும் போகின்றன.

ஆகவே ஒரு சுருக்கப் பேக்கேஜ் செய்யக்கூடிய முதல் உபகாரம், தேவையற்ற சுருக்கத்தைக் காட்டிக்கொடுப்பது. ஆக்ரோவில் இதற்கு ஒரே ஒரு அமைப்புவரி போதும். ஒரு சுருக்கம் ஆவணம் முழுவதிலும் ஒரே முறைதான் வருகிறது என்றால் முழுப்பெயரை மட்டும் அச்சிட்டுவிட்டு அடைப்புக்குறியைத் தள்ளிவிடும். குளோசரீஸிலும் இது முடியும், ஆனால் எண்ணிக்கையை இயக்கும் தனி ஏற்பாட்டைச் செய்து, உரையில் வழக்கமான கட்டளைக்குப் பதில் வேறொரு கட்டளையை எழுத வேண்டும். இருநூறு பக்கம் எழுதி முடித்தபின் இதைக் கேள்விப்படுபவர், தேடி மாற்றும் வேலையில் இறங்க வேண்டியதுதான். அக்ரோனிமில் பயன்பட்டவற்றை மட்டும் பட்டியலில் காட்டலாம், பக்க எண்ணையும் சேர்க்கலாம். இந்தச் சுற்றில் ஆக்ரோவுக்கே மதிப்பெண்.

அடுத்தது ‘முதல் முறை’. மூன்று பேக்கேஜுகளும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கணினிக்கு முதல் முறை என்றால், கோப்பைக் கம்பைல் செய்யும்போது அது முதலில் எதிர்கொண்ட இடம். வாசகருக்கோ அவர் கண்ணில் முதலில் பட்ட இடம். இவை இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பித்தான் இந்த ஏற்பாடே நடக்கிறது. இயல் தலைப்பில் சுருக்கக் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். தலைப்பு பொருளடக்கத்துக்கும் போகிறது. பொருளடக்கம் நூலின் முன்னால் அச்சாகிறது. முழு விரிவும் அங்கேயே செலவாகிவிட, உரையில் வெறும் சுருக்கம்தான் மிஞ்சும். குளோசரீஸ்-எக்ஸ்ட்ரா இதற்கென்று தலைப்புகளில் மட்டும் எழுத வேண்டிய தனிக் கட்டளைகளை வைத்திருக்கிறது. நல்ல தீர்வுதான், ஆனால் கையேட்டைப் படித்தவருக்கு மட்டும் தெரிந்த தீர்வு. அந்தக் கையேடோ ஆய்வேட்டைவிட நீளம்.

படங்களின் கதை இன்னும் நுட்பமானது. லேடெக் படத்தை அது எழுதப்பட்ட இடத்தில் வைக்காது. இடம் கிடைக்கும் பக்கத்துக்கு மிதக்கவிடும். படக்குறிப்பில் உள்ள சுருக்கம் எழுதப்பட்ட இடத்திலேயே எண்ணப்பட்டுவிடுகிறது. படம் மிதந்து அடுத்த பக்கத்தின் தலைக்குப் போய்விட்டால், அதற்குக் கீழே எழுதிய பத்தி இந்தப் பக்கத்திலேயே அச்சாகி, வெறும் சுருக்கத்தோடு வாசகரிடம் வந்து நிற்கும். விரிவு அடுத்த பக்கத்தில் படத்தின் காலடியில் கிடக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. கம்பைலரைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு.

அட்டவணைகளில் இன்னொரு வேடிக்கை. ‘டாபுலார்எக்ஸ்’ பேக்கேஜ் நெடுவரிசைகளின் அகலத்தைக் கணக்கிட அட்டவணையைத் தனக்குள் பலமுறை அச்சிட்டுப் பார்க்கும். முதல் ஒத்திகையிலேயே ‘முதல் முறை’ தீர்ந்துபோகும், தாளில் வருவது சுருக்கம் மட்டுமே. ஆக்ரோவின் மூன்றாம் பதிப்பு மிதக்கும் படங்கள், படக்குறிப்புகள், டாபுலார்எக்ஸ் போன்றவற்றுக்கென்று ஒட்டுத்திருத்தங்களைக் கொண்டிருக்கிறது. ஓட்டை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அடைக்கப் பார்க்கும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒட்டுகளின் பட்டியல் நீள நீள, அடிப்படைக் கருத்திலேயே கோளாறு என்பதும் தெளிவாகிறது.

மாற்று வழி ஆய்விதழ்களிடமே இருக்கிறது. பல ஆய்விதழ்கள் ஆய்வுச்சாரத்தில் ஒருமுறையும் கட்டுரை உடலில் மறுபடி ஒருமுறையும் விரிக்கச் சொல்கின்றன. காரணம் எளிது, ஆய்வுச்சாரம் தனியாகவே உலவுகிறது. இயல்களும் அப்படித்தான் உலவுகின்றன. மூன்று பேக்கேஜிலும் எண்ணிக்கையைச் சுழியமாக்கும் கட்டளை இருக்கிறது. அதை ஒவ்வொரு இயலின் தலையிலும் ஒரு வரியாகச் சேர்ப்பது அரை நிமிட வேலை. தலைப்பிலும் படக்குறிப்பிலும் தானியங்கிக் கட்டளையைத் தவிர்த்து, ‘சுருக்கம் மட்டும்’ அல்லது ‘முழுப்பெயர் மட்டும்’ என்று வெளிப்படையாகச் சொல்லும் கட்டளைகளை எழுதினால் மேலே சொன்ன தொல்லைகளில் பாதி எழாது. இந்த வெளிப்படைக் கட்டளைகளும் மூன்றிலும் உண்டு. அவற்றைத் துணைக் கருவி என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். முதன்மைக் கருவி அவைதான் என்பது என் கட்சி.

சுருக்கத்தின் முகத்தோற்றத்துக்கு வருவோம். கனடாவின் கவிஞரும் அச்செழுத்து வல்லுநருமான ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 1992இல் வெளியிட்ட நூலில், ஓடும் உரைக்கு நடுவே வரும் சுருக்கங்களைச் சிறிய தலைப்பெழுத்துகளில், கொஞ்சம் இடைவெளி விட்டு அமைக்கப் பரிந்துரைத்தார். ஆங்கிலப் பக்கத்தில் தலைப்பெழுத்துக் கூட்டம் திட்டுத் திட்டாகக் கறுத்துத் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பரிந்துரையின் நியாயம் புரியும். பிரிட்டனின் ‘கார்டியன்’ வேறு வழி பிடித்தது. சொல்லாக ஒலிக்கும் நாசா, நேட்டோ போன்றவற்றுக்கு முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கும். எழுத்தெழுத்தாகச் சொல்லும் பிபிசிக்கு மூன்றையும் பெரிதாக வைக்கும். ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுத்தெழுத்தாகச் சொல்லும் எஃப்.பி.ஐ. போன்றவற்றுக்குப் புள்ளி இடும், நேட்டோவுக்கு இடாது.

எந்த வழியை எடுத்தாலும் முடிவு ஓரிடத்தில் இருக்க வேண்டும், உரை முழுக்கச் சிதறிக் கிடக்கக் கூடாது. இதில் பேக்கேஜுகளுக்கு முழு மதிப்பெண் தரலாம். ஆக்ரோவில் வடிவத்தை ஒரு வரியில் மாற்றலாம். குளோசரீஸில் சிறிய தலைப்பெழுத்துக்கும், எழுத்தளவைக் குறைப்பதற்கும், விரிவை அடிக்குறிப்புக்குத் தள்ளுவதற்கும் ஆயத்தப் பாணிகள் இருக்கின்றன. அக்ரோனிமிலும் அளவைக் குறைக்கும் விருப்பம் உண்டு. ஆனால் எழுத்துருவில் உண்மையான சிறிய தலைப்பெழுத்துகள் இல்லாதபோது பெரியதைச் சுருக்கிப் போடுகிறார்களே, அது கறுப்புத் திட்டுக்குப் பதில் வெளிறிய திட்டைத் தருகிறது. அதைவிடச் சும்மா விட்டுவிடலாம்.

முகத்தோற்றத்தில் பலர் கவனிக்காத சங்கதி வாக்கிய முடிவுப் புள்ளி. லேடெக்கின் அடித்தளமான டெக்கை டொனால்ட் நூத் வடிவமைத்தபோது, பெரிய எழுத்துக்குப் பின் வரும் புள்ளியைப் பெயரின் முன்னெழுத்துப் புள்ளி என்று கருத வைத்தார். சிறிய எழுத்துக்குப் பின் வந்தால் அது வாக்கிய முடிவு, கொஞ்சம் கூடுதல் இடைவெளி கிடைக்கும். ஆகவே ஆங்கில வாக்கியம் ஒரு சுருக்கத்தில் முடிந்தால் அந்தக் கூடுதல் இடைவெளி கிடைக்காது. புள்ளிக்கு முன் ஒரு சிறு குறி போட்டு டெக்குக்குச் சொல்ல வேண்டும். தமிழில் இதுவே தலைகீழ். நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது, எனவே டெக்குக்கு எல்லாப் புள்ளியும் வாக்கிய முடிவுதான். ‘தி.மு.க. வேட்பாளர்’ என்று எழுதினால் இடையில் வாக்கியமே முடிந்ததுபோல இடம் விரிந்து நிற்கும். பிரெஞ்சு இடைவெளி என்ற அமைப்பை ஆவணத்தின் தொடக்கத்தில் இயக்கிவிட்டால் சரியாகிவிடும். தமிழ் ஆவணம் எதுவானாலும் இதை முதல் வேலையாகச் செய்துவிடுவது நல்லது.

அச்சுப் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளோசரீஸ் பட்டியலை வரிசைப்படுத்தப் பொதுவாக வெளி நிரலை நம்பியிருக்கிறது. கம்பைல் செய்து, இடையில் அந்த நிரலை ஓட்டி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஓட்ட மறந்தால் பட்டியல் வராது. சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவில்தான் பலருக்கு இது தெரியவரும். ஆக்ரோவுக்கு வெளி நிரல் வேண்டாம், ஆனால் மொழிவாரி அகரவரிசை அதற்குத் தெரியாது. யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள என்று வைத்திருப்பதால், குறியெண் வரிசையை நம்பினால் தமிழ்ப் பட்டியல் அங்கங்கே புரளும். ஒவ்வொரு பதிவுக்கும் வரிசைச் சாவி ஒன்றை நாமே கொடுக்க வேண்டும். நாற்பது பதிவு என்றால் சமாளிக்கலாம். நானூறு என்றால் டால்பட்டின் துணை நிரலான ‘பிப்டுஜிஎல்எஸ்’ பக்கம் போவதே புத்திசாலித்தனம். மொழியின் வரிசை விதியைச் சொன்னால் அது கேட்டுக்கொள்ளும்.

இனித் தமிழ் உரை. லேடெக்கில் தமிழ் எழுத இன்று தடையில்லை. யூனிகோடு எழுத்துருவைக் கையாளும் சீடெக்கும் லுவாடெக்கும் வந்தபின் ஆய்வேடுகளையும் பாடநூல்களையும் தாராளமாக அமைக்கலாம். சுருக்கப் பேக்கேஜுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தால்தான் அவற்றின் அஸ்திவாரம் எந்த மொழிக்குப் போடப்பட்டது என்று தெரியும்.

கட்டளைக்குப் பின்னால் ‘வின்’ என்று உருபை ஒட்டுகிறோம் என்று வையுங்கள். சுருக்கம் மட்டும் வரும் இடத்தில் ‘தி.மு.க.வின்’ என்று ஒழுங்காக வரும். முதல் முறையிலோ ‘திராவிட முன்னேற்றக் கழகம் (தி.மு.க.)வின்’ என்று அச்சாகும். தமிழில் எழுதும் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். ‘திராவிட முன்னேற்றக் கழகத்தின் (தி.மு.க.)’ என்றுதான் எழுதுவார்கள். உருபு முழுப்பெயரோடு சேர வேண்டும், ‘கழகம்’ ‘கழகத்து’ ஆக வேண்டும், அடைப்புக்குறிக்குள் சுருக்கம் உருபில்லாமல் நிற்க வேண்டும். உருபே இல்லாத இடத்திலும் நிம்மதியில்லை. ‘தி.மு.க. கூட்டணி’ என்பதில் சுருக்கம் மாறவில்லை, விரித்தால் ‘திராவிட முன்னேற்றக் கழகக் கூட்டணி’ ஆகிறது. மகரம் கெட்டு வல்லினம் மிக வேண்டும். அச்சு நிரலுக்கு இலக்கணம் கற்பிக்க நாம் புறப்படவில்லை.

சுருக்கம் மட்டும் வரும் இடத்திலாவது ஒட்டு வேலை நடக்குமா? ‘எம்.ஜி.ஆர்.’ என்பதோடு ‘இன்’ சேர்ந்தால் கடைசிப் புள்ளி போகிறது, ‘ர்’ ‘ரி’ ஆகிறது, ‘எம்.ஜி.ஆரின்’ என்று வருகிறது. நிரலிடம் விட்டால் ‘எம்.ஜி.ஆர்.இன்’ என்றுதான் வரும். மெய்யும் உயிரும் யூனிகோடில் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் தாமாகக் கூடி உயிர்மெய் ஆகிவிடுவதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடமில்லை. வேற்றுமை உருபுள்ள மொழிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. பின்லாந்துக்காரர்கள் சுருக்கத்துக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு உருபைச் சேர்க்கிறார்கள். சுருக்கம் அப்படியே நிற்கும். ஆனால் முழுப்பெயர் மாறும் சிக்கல் அவர்களுக்கும் தீரவில்லை. பேக்கேஜுகளில் ஆக்ரோ மட்டுமே இதை ஓரளவு எண்ணிப் பார்த்திருக்கிறது. பன்மைக்கு இருப்பதுபோல எந்த ஈற்றையும் நாமே அறிவித்துக்கொள்ள அதில் வழி உண்டு, ஒவ்வொரு சுருக்கத்துக்கும் அந்த ஈற்றின் முழு வடிவத்தையும் கைப்படக் கொடுக்கலாம். ‘கழகத்தின்’, ‘எம்.ஜி.ஆரின்’ இரண்டையும் இப்படிப் பதியலாம். பதிந்தாலும் முதல் முறையில் அடைப்புக்குறிக்குள்ளும் ‘தி.மு.க.வின்’ என்று உருபோடு வந்து நிற்கும். அதைத் தவிர்க்க அச்சு வார்ப்புருவை நாமே திருத்தி எழுத வேண்டும். ஐ, ஆல், கு, இன், இல் என்று உருபுகளைக் கூட்டி, அடைமொழி வடிவத்தையும் சேர்த்தால் ஒரு பெயருக்கு ஆறேழு வடிவம். முப்பது பெயருக்கு இருநூறு. இத்தனையும் எதற்கு? ஒரு பெயரை ஓர் இயலில் ஒரே ஒருமுறை விரித்து எழுதும் உழைப்பை மிச்சப்படுத்த.

குளோசரீஸில் எல்லாமே செய்யலாம், புதுச் சாவிகளைச் சேர்த்து வேற்றுமை வடிவங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று அதன் அன்பர்கள் சொல்வார்கள். சொல்வது உண்மை. ஆனால் ‘செய்யலாம்’ என்பதும் ‘செய்யத் தகும்’ என்பதும் வேறு. குளோசரீஸ் கலைச்சொல் அகராதி, குறியீட்டுப் பட்டியல், சுருக்கப் பட்டியல் மூன்றையும் சேர்த்து ஆளும் பெரிய அமைப்பு. அவை மூன்றும் வேண்டிய பெரிய தொழில்நுட்ப நூலுக்கு அதற்கு நிகரில்லை. சுருக்கம் மட்டுமே வேண்டியவர் அதைக் கட்டி இழுப்பது வீண் சுமை.

என் தீர்ப்பு இதுதான். ஆங்கிலத்தில் ஆய்வேடோ நூலோ எழுதுபவர் ஆக்ரோவை எடுத்துக்கொள்ளட்டும். ஒரே முறை வரும் சுருக்கத்தைத் தள்ளும் அமைப்பை முதல் நாளே இயக்கிவிட்டு, இயல்தோறும் எண்ணிக்கையைச் சுழியமாக்கி, தலைப்பிலும் படக்குறிப்பிலும் அட்டவணையிலும் வெளிப்படைக் கட்டளைகளையே எழுதட்டும். அகராதியும் குறியீட்டுப் பட்டியலும் கூடவே வேண்டும் என்றாலோ பதிவுகள் நூற்றுக்கணக்கில் போனாலோ குளோசரீஸ்-எக்ஸ்ட்ரா. அக்ரோனிமைப் பழைய கோப்புகளில் இருப்பதால் வைத்திருக்கலாம், புதிதாகத் தொடங்க அதில் காரணம் இல்லை. ஆறு பக்கக் கட்டுரைக்கு எதுவும் வேண்டாம். கையால் எழுதி, ஒருமுறை தேடிச் சரிபார்த்தால் போயிற்று.

தமிழ் உரைக்குத் தானியங்கி விரிவு ஆகாது. முழுப்பெயரை உரிய உருபோடு எழுதுபவரே எழுதட்டும், ஒவ்வொரு இயலிலும் வாசகருக்குத் தேவைப்படும் இடத்தில். ஆக்ரோவைச் சுருக்கப் பட்டியலுக்கும் ‘சுருக்கம் மட்டும்’ கட்டளைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு நல்ல ஆதாயம் உண்டு. சில நாளிதழ்கள் தி.மு.க. என்கின்றன, சில திமுக என்கின்றன, பதிப்பகங்களும் அப்படியே. சுருக்கத்தில் வரும் புள்ளிக்கென்று சிறு கட்டளை ஒன்றை வைத்து எழுதிவிட்டால், பதிப்பாசிரியர் கடைசி நேரத்தில் ‘புள்ளியெல்லாம் வேண்டாம்’ என்று சொன்னாலும் ஒரே வரியில் நூல் முழுக்கப் புள்ளிகளை எடுத்துவிடலாம். தி.மு.க.வின் என்பது திமுகவின் ஆகும், உருபு அசையாது. மெய்யில் முடியும் எம்.ஜி.ஆர். போன்றவற்றின் உருபு வடிவங்களை மட்டும் தனிப் பதிவாக எழுதி வைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான நூல்களில் அவை பத்தைத் தாண்டாது.